கழுத்து வீங்கிய அன்னம்

கைது செய்ய வருகிறவர்கள் காலையிலேயே வருவார்களா, சாப்பாட்டு நேரம் தாண்டி வருவார்களா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாததால், நான் பத்து மணிக்கே புது பனியன் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மஞ்சள் பை. உள்ளே ஒரு துண்டு, ஒரு சோப்பு, பிரஷர் மாத்திரை. கைபேசியை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்திருந்தேன். தண்ணீரில் விழுந்த போனைத்தான் அரிசியில் வைப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அரிசிக்கு அடியில் இருந்தால் யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்று அன்றைக்கு என் மூளை சொன்னது. நாற்பத்தொன்பது வருடமாக அந்த மூளையோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

ரேஷன் கடையிலிருந்து திரும்பிய என் மனைவி பையைப் பார்த்தாள்.

"எந்த ஊருக்கு?"

"ஜெயிலுக்கு."

"அங்க சோப்பு அவங்களே குடுப்பாங்க. துண்ட எடுத்து வெச்சிட்டுப் போ, அது என்னுது."

இருபத்தோரு வருடமாக என் ஜோக்குகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள். நான் நிஜமாகவே பயந்துபோயிருக்கிறேன் என்று அவளுக்குப் புரியவைக்க கால் மணி நேரம் ஆயிற்று.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பட்டுப்புடவையின் கரையில் மயிலும் யானையும் வரிசையாக நடந்து போகிறதே, அதைத் தறியில் உட்கார்ந்திருப்பவர் கையால் வரைவதில்லை. தறியின் தலைக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். ஓட்டை இருக்கிற இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் சும்மா கிடக்கும். அட்டைகளுக்கு வரிசையாக நம்பர் எழுதி, கயிற்றில் கோத்து, சரமாக்கிப் பெட்டியில் ஏற்றுவார்கள். அந்த ஓட்டைகளைப் போடுகிறவன் நான். அந்தக் காலத்தில் கிராப் தாளைப் பார்த்துக் கையால் குத்தினேன், இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறேன், மிஷின் குத்துகிறது.

இதைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். தறி ஓடுவதை வீடியோ எடுத்து, பின்னால் என் குரலில் ஏதாவது கிண்டல் செய்வேன். பெரும்பாலும் என்னையேதான். அதைப் பார்த்துவிட்டு வெளியூர்த் தறிக்காரர்கள் அட்டை கேட்டுப் போன் செய்வார்கள். போன வருடம் எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் தறியில், அவர்கள் வழக்கமாக நெய்கிற அன்னக் கரையை வீடியோ எடுத்துப் போட்டேன். நாலு நாள் நன்றாக ஓடியது.

ஐந்தாம் நாள் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் பயந்துவிட்டால் தடித்த எழுத்தில் இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். என் வீடியோவில் இருப்பது தங்களுடைய வடிவம் என்று ஒருவர் காப்புரிமைப் புகார் கொடுத்திருக்கிறார், ஆகவே நீக்கிவிட்டோம், இப்படி மறுபடி நடந்தால் பக்கமே போய்விடும் என்று அந்தத் தளம் சொன்னது. அரை மணி நேரம் கழித்து வாட்சப்பில் மூன்று பக்க வக்கீல் நோட்டீஸ். அனுப்பியது இணையத்தில் புடவை விற்கிற ஒரு வெளியூர் நிறுவனம். அன்னக் கரையை அவர்களிடமிருந்து நகல் எடுத்ததாக நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அட்டைகளை அழிக்க வேண்டும், அந்தக் கரை ஓடுகிற தறிகளை நிறுத்தவும் சொல்ல வேண்டும். ஏழு நாள் கெடு. மன்னிப்புக் கடிதத்தைக்கூட அவர்களே எழுதி இணைத்திருந்தார்கள். என் வேலை கடைசியில் இருந்த கோட்டின் மேல் கையெழுத்துப் போடுவது மட்டும்தான்.

இந்த மாதிரி நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வானோ தெரியாது. நான் செய்ததைச் சொல்கிறேன். நேராக அவர்கள் பக்கத்துக்குப் போய், புடவைப் படத்தின் கீழே, உங்கள் பரம்பரையே பாலியஸ்டர் என்று ஆரம்பித்து, அச்சில் ஏற்ற முடியாத விஷயங்களையும் சேர்த்து பதினான்கு வரி எழுதினேன். எழுதி முடித்தபோது வீரமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் அதற்குத் தனியாக அவதூறு நோட்டீஸ் வந்தது. வீரம் இறங்கிவிட்டது. எழுதியதை அழித்தேன். அழிக்க ஆரம்பித்த கை நிற்கவில்லை. என் பக்கத்தில் பல வருடங்களுக்கு முன்பு நான் போட்டிருந்த அன்னப் படங்களையும் தேடித் தேடி அழித்தேன். பிறகு பக்கத்தின் பெயரை என் மனைவி பெயராக மாற்றி, என் முகத்தை எடுத்துவிட்டு ஒரு செம்பருத்திப் பூவை வைத்தேன். மச்சான் அவளுக்குப் போன் செய்து, எப்போதிலிருந்து அட்டை குத்த ஆரம்பித்தாய் என்று விசாரித்தார்.

டீக்கடைக்குப் போனேன். ஐந்து பேர் இருந்தார்கள், ஐந்து பேரும் ஹைகோர்ட். ஒருவர் முன்ஜாமீன் எடுக்கச் சொன்னார். ஒருவர் கொஞ்ச நாள் பக்கத்துக் கிராமமான திருப்புட்குழியில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கச் சொன்னார், ஏதோ அங்கே இணையமே கிடையாது என்பதுபோல. ஒருவர் மட்டும் அமைதியாக, பெரிய இடத்தோடு நமக்கென்ன, ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்றார். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கடிதத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். ஒரு பழைய காலண்டர் தாளில் நாலைந்து தடவை கையெழுத்துப் போட்டும் பார்த்தேன்.

மறுநாள் காலைதான் அந்த மஞ்சள் பை. விஷயம் முழுவதையும் கேட்ட என் மனைவி, அரிசியிலிருந்து போனைத் தோண்டி எடுத்துக் கையில் கொடுத்து, உன்கூடப் படித்த அந்த வக்கீலிடம் போ என்றாள்.

அவன் இருக்கிறான் என்பது எனக்கும் நினைவில் இருந்தது. போகத்தான் கூச்சம். ஒரே காலனியில் பிறந்து ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆறாம் வகுப்பில் அவனுக்கு ஓணான் என்று பெயர் வைத்தவன் நான். அவன் சட்டம் படித்து கறுப்பு கோட்டுப் போட்ட பிறகும் கல்யாண வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவன் ஆபீஸ். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்த பார்வையில், இந்த நாளுக்காக முப்பத்தெட்டு வருடம் காத்திருந்தது தெரிந்தது.

"மொத்தமா சொல்லு. ஜோக்கு ஒண்ணும் வேணாம்."

சொன்னேன். திட்டியதை எழுதிக்கொண்டான். அழித்தேன் என்றதும்தான் பேனாவைக் கீழே வைத்தான்.

"டேய், உன் வீட்ல திருடன் பூந்துட்டுப் போனா, அவன் கால் தடத்த நீயே தொடப்பம் எடுத்துப் பெருக்கி உடுவியா? உன் பழைய படம்தான்டா உன்கிட்ட இருந்த சாட்சி. போன்லயாவது இருக்குதா?"

"இருக்குது."

"போன்ல இன்னா, தவுடு மாதிரி ஒட்டிக்கினு இருக்குது?"

போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். சில விஷயங்களை வக்கீலிடமும் மறைக்கத்தான் வேண்டும்.

அவன் நோட்டீஸைப் படித்துக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் இருந்த படத்தைக் காட்டினான். அவர்களுடைய மூல வரைபடமாம். அன்னம் நடக்கிறது. கழுத்தின் நடுவே ஒரு புடைப்பு. கீழே ஆங்கிலத்தில் விளக்கம். அவன் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு வியர்வை நின்றது. தாமரைத் தண்டை விழுங்கும் அன்னம் என்பது எங்கள் வடிவமைப்புக் குழு நீண்ட ஆய்வுக்குப் பின் உருவாக்கிய தனித்துவமான கற்பனை, கழுத்தில் உள்ள புடைப்பே அதன் அடையாளம்.

இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் மாடியை எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

அந்தப் புடைப்பின் வரலாற்றை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு நான் ஒரு அட்டைப் பட்டறையில் கூலிக்கு இருந்தேன். அக்காவின் அன்னக் கரைக்குச் சரம் கோத்துக்கொண்டிருந்த அன்று, முதலாளி இல்லாத தைரியத்தில் அவர் எப்படி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார் என்று நடந்து காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகு உட்கார்ந்து மீதியைக் கோத்தேன். பதினேழாம் அட்டைக்குப் பிறகு பத்தொன்பது, அதற்குப் பிறகு பதினெட்டு. இரண்டு அட்டை இடம் மாறினால் இரண்டு வரி இடம் மாறும். வளைந்து ஏற வேண்டிய கழுத்து, நடுவில் ஒரு இடத்தில் பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல் புடைத்துவிட்டது. ஒரு அன்னத்துக்கு இல்லை. அந்தச் சரம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று, புடவை முழுக்க.

அக்கா ஆள் அனுப்பி நான் போனபோது ஒரு முழம் நெய்து முடித்திருந்தார்கள். கழுத்தில் என்ன கட்டி என்று கேட்டார்கள். அட்டையைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. ஆனால் நெய்தவரைக்கும் கட்டியோடு, மீதி கட்டியில்லாமல் ஒரு புடவையை யார் வாங்குவார்கள்? விஷயம் முதலாளிக்குப் போனால் எனக்கு வேலை இருக்காது. அந்த ஒரு நொடியில், கட்டி இல்லைக்கா, தாமரைத் தண்டை முழுங்குகிறது, கோயில் தூணில் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன். எந்தக் கோயில், எந்தத் தூண் என்று அவர்கள் கேட்கவில்லை. ஊரில் தூணுக்கா பஞ்சம். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊடைநூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

புடவை விற்றது. அதே கரை வேண்டும் என்று ஆட்கள் வந்தார்கள். அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் தாமரைத் தண்டுக் கதையைச் சொல்லி விற்றார்கள். பிற்பாடு கம்ப்யூட்டரில் மாற்றி வரைந்தபோது, புண்ணியமாகப் போகட்டும் என்று கழுத்தைச் சரிசெய்து கொடுத்தேன். என் அன்னம் பட்டினியாக இருக்கிறது, பழையபடி போட்டுக்கொடு என்று அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூலிக்காரனாகத் தெரியாமல் செய்த தப்பை, சொந்தப் பட்டறைக்காரனாக உட்கார்ந்து கவனமாக மறுபடியும் வரைந்தேன். இன்றைக்கு அவர்களுடைய இரண்டு தறியிலும் ஓடுவது அந்தக் கரைதான்.

ஆக, என் தப்பைத் திருடியிருந்தார்கள். அதை மறைக்க நான் விட்ட புளுகையும் சேர்த்துத் திருடி, ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை குத்தி எனக்கே அனுப்பியிருந்தார்கள்.

ஓணானும் சிரித்தான். பிறகு வக்கீலானான். அன்னத்துக்கு நீ சொந்தம் கொண்டாடாதே என்று முதலிலேயே அடித்துச் சொன்னான். காலகாலமாகச் சுவரிலும் தூணிலும் இருக்கிற பறவை. அது யாருக்கும் தனிச்சொத்து இல்லை, ஆகவே அவர்களுக்கும் இல்லை என்பதுதான் நம் வாதம். வீடியோ நீ எடுத்தது, குரல் உன்னுடையது. நீக்கியது தப்பு என்று தளத்துக்கு எதிர் மனு கொடுக்கலாம். கொடுத்தால், புகார் சொன்னவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்பி வரும். இவ்வளவுதானா என்றேன். இவ்வளவுதான், ஆனால் அந்தப் புடைப்பு எப்படி வந்தது என்று அவர்களால் சொல்ல முடியாது, நம்மால் முடியும், அதைச் சேர்த்து எழுதினால் ஆணி அடித்ததுபோல் இருக்கும் என்றான்.

"அன்னம் ஊருக்குப் பொது. கட்டி மட்டும் உன்னுது. அந்தப் பழைய சரம் எங்க இருக்குது?"

"அக்கா வீட்டுப் பரண்ல."

"போய் வாங்கி வா. நம்பர் மாறி இருக்கறத போட்டோ எடுக்கணும்."

"வாங்கணும்னா அக்காகிட்ட நான் சொன்னது பொய்னு சொல்லணும்."

"ஜெயிலுக்கே பை கட்டினவன்டா நீ. அக்காவுக்கா பயப்படற?"

"ஜெயிலுக்கு சோப்பு போதும். அக்காகிட்ட இன்னா எடுத்துக்கினு போறது?"

சைக்கிளை மிதித்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போகும்போது சட்டைப் பையில் அந்த மன்னிப்புக் கடிதம் குத்திக்கொண்டே இருந்தது. அதன் கடைசியில் இருந்த கோட்டை நினைத்தேன். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும், எங்கே விரல் வைக்கச் சொல்கிறார்களோ அங்கே வைப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பி வரும்போது கட்டைவிரல் மையைத் தலைமுடியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டே வருவார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். அந்த மூன்று பக்கத்தையும் இப்போது வரி வரியாகப் படித்தும்விட்டேன். படித்த பிறகும் அவர்கள் காட்டிய இடத்தில் கையை வைப்பதென்றால், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே வீண். அக்கா வீட்டுச் சந்துக்குள் திரும்பினேன்.

அக்கா தறியில் இருந்தார்கள். அறுபது வயதை நெருங்கியும் இன்றைக்கும் முழு நாள் நெய்கிறவர்கள். நோட்டீஸ் வந்ததையும், கெடுவையும், சுற்றி வளைத்துச் சொன்னேன். நான் பேசிய நேரமெல்லாம் தறி ஓடிக்கொண்டே இருந்தது. பழைய சரம் வேண்டும் என்றேன். எதற்கு என்றார்கள். அது தாமரைத் தண்டு இல்லைக்கா, என் கை தப்பிவிட்டது, இரண்டு அட்டையை மாற்றிக் கோத்துவிட்டேன் என்று அவர்களுடைய கால் மிதியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

மிதி நிற்கவில்லை.

"பதினேழு, பத்தொம்போது, பதினெட்டு. அன்னிக்கே பெட்டி மேல ஏறிப் பார்த்தேன்பா. எனக்கு எண்ணத் தெரியாதுன்னா நெனச்சிக்கினு இருந்த?"

"அப்ப ஏன்கா ஒண்ணும் சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்ன வேலய உட்டுத் தூக்கியிருப்பாரு. அதுவுமில்லாம ஒரு மொழம் நெய்ஞ்சிட்டேன். அத்த யாரு பிரிப்பாங்க, உங்க மொதலாளியா?"

இத்தனை வருடமாக அந்தக் கதையை வாடிக்கைக்காரர்களிடம் கூசாமல் சொல்லிவந்தீர்களே என்றேன். கதை நன்றாக இருந்தது, சொன்னேன் என்றார்கள். அதற்கும் ஒரு வருடம் முன்பு இரண்டு பேர் வந்து புடவை பார்ப்பதாகச் சொல்லிப் படம் பிடித்ததும், அவர்களுக்கும் இதே கதையைச் சொல்லி அனுப்பியதும் அப்போதுதான் வெளியே வந்தது. பிறகு என் சட்டைப் பையைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். தறியை நிறுத்திவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்கள்.

"கையெழுத்து போட்டியா?"

"இல்லக்கா."

"இதுல நீ போட்டா என் தலைக்கு மேல இருக்கற பெட்டி ரெண்டும் நிக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்கா. போட மாட்டேன்."

அவர்கள் கடிதத்தை நாலாக மடித்தார்கள். மூலையில் நூல் சுற்றுகிற ராட்டை ஒரு கால் குட்டையாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் கடிதத்தைச் செருகி, அசைத்துப் பார்த்தார்கள். ஆடவில்லை. பரணில் இருந்த சரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்தார்கள்.

எதிர் மனுவை ஓணான் ஆபீசில் உட்கார்ந்து எழுதினோம். உண்மைப் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் கேட்டது. இந்த விவரம் புகார் கொடுத்தவருக்கு அனுப்பப்படும், வழக்கு வந்தால் சந்திக்கத் தயார் என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்றும் கேட்டது. மூன்று நாளுக்கு முன்பு செம்பருத்திப் பூவுக்குப் பின்னால் ஒளிந்தவன் நான். கதவு எண், தெரு, ஊர் என்று ஒவ்வொன்றாக அடித்தேன். பின்கோடு மட்டும் மறந்துவிட்டது. அவன் சொன்னான்.

திட்டியதற்கு என்ன செய்வது என்று கேட்டான். உண்மையைச் சொன்னால் எதிர்த்து நிற்கலாம், வசவுக்காக நிற்க முடியாது என்றான். பாலியஸ்டர் என்றது உண்மைதானே என்று வாதாடினேன். பாலியஸ்டர் கட்டுகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டான். என் மனைவி அன்றாடம் கட்டுவது அதுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைசியில் இரண்டே வரி அனுப்பினோம். பயன்படுத்திய வார்த்தைகளுக்கு வருந்துகிறேன். வடிவத்தைப் பற்றி வருந்த எனக்கு ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலமே பக்கத்தில் என் பெயரையும் முகத்தையும் திரும்ப வைத்து, புது வீடியோ ஒன்று போட்டேன். யார் பெயரையும் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. பழைய சரத்தைக் கையில் பிடித்து நம்பர்களைக் காட்டி, முதலாளி மாதிரி நடந்து காட்டிய கதையைச் சொல்லி, இந்த அன்னத்தின் கழுத்தில் இருப்பது தாமரைத் தண்டு இல்லை, என் கவனக்குறைவு என்று சொன்னேன். தொழிலில் இருக்கிறவன் தன் தப்பைத் தானே பறைசாற்றினால் எவன் வேலை கொடுப்பான் என்று டீக்கடை ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது. நான் மேல்முறையீடு செய்யவில்லை.

கெடு முடிந்தது. எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் பல நாள், தெருவில் புல்லட் பைக் சத்தம் கேட்டால் என் கண் ஆணியில் தொங்கிய மஞ்சள் பைக்குப் போகும். துண்டை மட்டும் என் மனைவி என்றைக்கோ எடுத்துவிட்டிருந்தாள். ஒரு காலையில் தளத்திலிருந்து ஒற்றை வரி வந்தது. வீடியோ திரும்ப வைக்கப்பட்டுவிட்டது. தப்பு என்றோ மன்னிக்கவும் என்றோ எந்தப் பக்கமிருந்தும் ஒரு சொல் இல்லை.

அந்த நிறுவனம் இன்றும் அன்னக் கரை விற்கிறது. போன வாரம் அவர்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கழுத்துக்கு ஆபரேஷன் செய்துவிட்டார்கள், புடைப்பு இல்லை, வழுவழுவென்று இருக்கிறது. தனித்துவமான கற்பனை எங்கே போயிற்றென்று கேட்டு எழுத விரல் துடித்தது. ஓணான் முகம் நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன். அக்காவிடம் படத்தைக் காட்டினேன். பாவம், பட்டினி போட்டுட்டாங்க என்றார்கள்.

எங்கள் அன்னத்துக்குக் கட்டி அப்படியே இருக்கிறது. அக்காவுக்கு இந்த மாதம் புது அட்டைச் சரம் போடுகிறேன், அதிலும் இருக்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் தாராளமாக வரலாம். முகவரி அவர்களிடம்தான் இருக்கிறது, பின்கோடு உட்பட. நான் வீட்டில்தான் இருப்பேன். மஞ்சள் பையில் இப்போது அட்டை கோக்கிற கயிறு வைத்திருக்கிறேன்.